இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும்: மிஸ்ஸிங்கைக் கண்டுபிடித்து வீட்டிலேயே சரிசெய்யும் முறை

சேலம், தருமபுரிப் பக்கம் சொந்த ஊர் உள்ள பெங்களூர்த் தமிழர்களின் கார்களுக்கு ஒரு பரிசோதனைக்கூடம் வழியிலேயே அமைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் சாலை வழியாக ஊருக்குப் போகும்போது கார் எந்தக் குறையும் காட்டாது. ஞாயிறு மாலை நான்கு பேர், ஒரு சிப்பம் அரிசி, பத்துத் தேங்காய், ஓடிக்கொண்டிருக்கும் ஏசி என்று திரும்பி வரும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி விக்கல் எடுத்தவரைப் போல விட்டு விட்டு இழுக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பெங்களூரோ சுமார் 900 மீட்டர். போகும் வழியில் எஞ்சினுக்குப் பாரம் குறைவு, வரும் வழியில் அதிகம். இக்னிஷன் கோளாறு பாரத்தில்தான் முதலில் தலைகாட்டும்.

பத்து ஆண்டுகள் ஓடிய என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரும் அந்த ஏற்றத்தில்தான் முதன்முதலாக மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் விட்டுப்போகும் கோளாறு, காட்டியது. மறுநாள் காலையில் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கேரேஜுக்கு எடுத்துச் சென்றேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, “காயில் போயிருக்கு சார். ஒண்ணு போனா மத்ததும் பின்னாடியே போகும், நாலையும் மாத்திடலாம்” என்று முடிவு சொல்லிவிட்டார்கள். தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் ஒன்றின் விலை ஆயிரங்களில் இருக்கிறது. சிலிண்டருக்குள் பொறி விடும் சாதாரண நிக்கல் பிளக்கின் விலை நூறுகளில் முடிந்துவிடும். வண்டியைத் திருப்பி எடுத்து வந்து அன்று மாலை நானே பிரித்துப் பார்த்தபோது, கெட்டிருந்தது ஒரே ஒரு காயில்தான் என்று தெரிந்தது. அதுவும் தானாகக் கெடவில்லை. அதற்குக் கீழே தேய்ந்து கிடந்த பிளக்தான் அதைக் கெடுத்திருந்தது. எது கெட்டிருக்கிறது என்று நிரூபித்த பிறகே பணத்தை எடுப்பது, காயிலை மாற்றினால் பிளக்கையும் சேர்த்து மாற்றுவது என்ற இரண்டு வழக்கங்களை அன்றிலிருந்து கடைப்பிடித்து வருகிறேன். கீழே உள்ள முறை முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கும் பெட்ரோல், சி.என்.ஜி. கார்களுக்கு இந்த முறை பொருந்தும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே கண்ணில் படும் என்ற அமைப்புள்ள எஞ்சின்களில், முதல் முறையாகப் பழகுபவர் கை வைக்காமல் இருப்பது நல்லது.

தீப்பொறி பிறக்கும் விதம்

பேட்டரி தருவது 12 வோல்ட். காயிலுக்குள் ஒரே இரும்பு உட்கருவைச் சுற்றித் தடித்த கம்பியாலான சில நூறு சுற்றுகளும், தலைமுடியைப் போன்ற மெல்லிய கம்பியாலான பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கின்றன. எஞ்சினின் கணினியான ஈ.சி.யு., தடித்த சுற்றில் சில மில்லி விநாடிகள் மட்டும் மின்னோட்டத்தைப் பாயவிட்டுச் சட்டென்று நிறுத்தும்போது, அதுவரை உருவாகியிருந்த காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது விநாடிக்கு 25 முறை நடக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. காயில் ஒவ்வொரு முறையும் தன் முழுத் திறனையும் கொட்டிவிடுவதில்லை. பிளக் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தாண்ட எவ்வளவு மின்னழுத்தம் தேவையோ, அந்த அளவுக்குத்தான் வோல்ட்டேஜ் ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். இடைவெளி அகலமானால் தேவை கூடும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினாலும் தேவை கூடும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் ஒழுங்காக நிற்கும் வண்டி, பாரத்தால் சிலிண்டர் அழுத்தம் கூடும் ஏற்றத்தில் மட்டும் தடுமாறுவதற்கு இதுவே காரணம். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முனை தேய்ந்து, 0.9 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 1.3 மில்லிமீட்டராக விரிந்துவிட்ட பிளக்கோடு காயில் நாள் முழுவதும் தன் உச்ச எல்லையிலேயே உழைக்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது, இன்சுலேஷன் தளர்கிறது. கடைசியில் அந்த உயர் மின்னழுத்தம் பிளக் முனையைத் தாண்டுவதற்குப் பதிலாக, பிளக்கின் தலையை மூடும் ரப்பர் உறையான காயில் ‘பூட்’டில் உள்ள ஒரு மயிரிழை வெடிப்பின் வழியாக எஞ்சினின் இரும்புக்குத் தாவிவிடுகிறது. பழைய பிளக்கை விட்டுவைத்துப் புதிய காயிலை மட்டும் பொருத்துகிறவர், மறுபடியும் காயில் வாங்கப் போகும் நாளைக் குறித்துவைத்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

சி.என்.ஜி. பொருத்திய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய குறிப்பு உண்டு. வாயுக் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும். ஆகவே பெட்ரோலில் சீராக ஓடும் வண்டி சி.என்.ஜி.க்கு மாறியதும் மிஸ் அடித்தால், கேஸ் கிட்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

அறிகுறிகள்

ஐடிலிங்கில் ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்குதல், பின்னால் சைலன்சரில் சீரான ஓசைக்குப் பதிலாக இடையிடையே ‘புட்’ என்ற விடுபடல், பிக்கப் குறைதல், மைலேஜ் இறங்குதல், எரியாத பெட்ரோலின் வாடை ஆகியவை வழக்கமான அடையாளங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே சற்று ஆடும். அதில் ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் ஆட்டம் சொல்லவே வேண்டாம், பல்லே அதிரும்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மின்னுகிறது என்றால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும் அளவுக்கு மிஸ்ஸிங் கடுமையாகிவிட்டது என்று பொருள். கன்வர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் நான்கு காயில்களின் விலை ஒரு பொருட்டே அல்ல. அந்த நிலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாரத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ‘எப்படியோ வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று அத்திப்பள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வரை மிதித்துக்கொண்டே வருவது வீண் செலவுக்கு வழி.

தேவையான கருவிகள்

ராட்செட், 150 மற்றும் 250 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன்கள், காயில் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் சாக்கெட், உள்ளே ரப்பர் பிடிப்புள்ள பிளக் சாக்கெட், அளவோடு இறுக்குவதற்கான டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல டார்ச், இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்ரோல் ஹோஸ் துண்டு, ஈ.சி.யு. பதியும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஆகியவை போதும். பிளக் சாக்கெட்டின் அளவு வண்டிக்கு வண்டி மாறும்: பழைய வண்டிகளில் 21, பெரும்பாலானவற்றில் 16, புதிய மெல்லிய பிளக்குகளில் 14 மில்லிமீட்டர். டார்க் ரெஞ்ச் மட்டும் பலருக்கும் வீண் ஆடம்பரமாகத் தோன்றும். பிளக் திருகப்படும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மரை கழன்ற பிறகு லேத் பட்டறைக்கு அலைந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கோளாறுக் கோடு படித்தல்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராகப் பதினாறு பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம். 327 வகைப் புளூடூத் கருவியை அதில் செருகி, சாவியை ஆன் நிலையில் வைத்து, கைப்பேசிச் செயலி வழியாகக் கோளாறுக் குறியீடுகளை, அதாவது ‘கோடு’களைப் படிக்கலாம். பி0300 என்பது எந்தச் சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை உள்ளவற்றில் கடைசி எண் சிலிண்டரின் எண். பி0351 முதல் பி0354 வரை உள்ளவை அந்தந்தக் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு என்று சொல்பவை. இவை வந்தால் காயிலோடு கனெக்டரையும் வயரையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். விளக்கு இன்னும் எரியவில்லை என்றாலும் ‘பெண்டிங்’ பகுதியைத் திறந்து பாருங்கள். லேசான மிஸ்ஸிங் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் திரும்ப வந்தால்தான் பெரும்பாலான வண்டிகள் விளக்கை ஏற்றும். கோடு எந்தச் சூழலில் பதிவாயிற்று என்பதைக் காட்டும் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ விவரத்தையும் படித்து, ஆர்.பி.எம்., பாரம், எஞ்சின் சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது சிலிண்டர் என்பது வழக்கமாக ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கத்தில் உள்ளது. கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ளது கடைசிச் சிலிண்டர். இதைத் தலைகீழாக எண்ணி நல்ல காயிலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

பி0300 மட்டும் வந்து எல்லாச் சிலிண்டர்களும் மாறி மாறி மிஸ் ஆகின்றன என்றால், நான்கு காயில்களும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நம்புவதைவிட, பெட்ரோல் அழுத்தம், இன்டேக் ஹோஸில் காற்றுக் கசிவு, தண்ணீர் கலந்த பெட்ரோல் ஆகியவற்றைத் தேடுவது அறிவுடைமை.

காயிலைக் கழற்றுதல்

எஞ்சின் முழுவதுமாக ஆறியிருக்க வேண்டும். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. சூடான அலுமினிய ஹெட்டின் மரை மென்மையாக இருக்கும். அப்போது பிளக்கைத் திருகினால் மரையும் அதனோடு வந்துவிடக்கூடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே சிறந்தது. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ஆடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டியானால் அதை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ‘எதை எடுத்தால் ஓசை மாறவில்லையோ அதுதான் கெட்டது’ என்று காட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல்லாயிரம் வோல்ட் கையில் அடிக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. வெளியே செல்ல வழியில்லாத மின்னழுத்தம் நல்ல காயிலையும் கெடுக்கும், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்கும் போகும்.

பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும், சிலிண்டர்களுக்கு மேலே வரிசையாகக் காயில்கள் தெரியும். கனெக்டரில் சறுக்குப் பூட்டு இருந்தால் முதலில் அதைப் பின்னால் தள்ளி, பிறகு நாக்கை அழுத்தி வெளியே இழுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்த இந்தப் பிளாஸ்டிக் நாக்கு அப்பளம் போல் ஒடியும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கழற்றுவதற்கு முன் கனெக்டருக்கு வரும் வயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரே மிஸ்ஸிங்குக்குக் காரணமாக இருப்பது அரிதல்ல. பத்து மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருப்பி ஒட்டு விட்டதும், சாய்க்காமல் நேராக மேலே தூக்குங்கள். எந்தக் காயில் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது கண்ணுக்குத்தான் வேலை. காயிலின் ரப்பர் பூட்டின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு கிழித்தது போன்ற கருப்புக் கோடோ, வெள்ளையாக வெந்த புள்ளியோ இருந்தால், மின்சாரம் அந்த வழியாகத்தான் தப்பியிருக்கிறது. என் வண்டியின் மூன்றாவது காயிலில் பூட்டின் நடுவே குண்டூசி குத்தியது போன்ற ஒரு துளை. அதைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம். பிளக் குழியின் சுவரில் அதற்கு நேர் எதிரே அதே அளவில் ஒரு கரும்புள்ளி. கண்ணில் இதைக் கண்ட பிறகு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

குழிக்குள் எஞ்சின் ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவரின் பேக்கிங்கோ குழியைச் சுற்றியுள்ள சீலோ கசிகிறது. அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதிய பூட்டும் ஆயிலில் ஊறிக் கெடும். குழியில் தண்ணீர் நின்றால் காரணம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெங்களூரில் வாட்டர் வாஷ் நிலையங்களில் வரிசை நிற்கும். எஞ்சினும் பளபளக்க வேண்டுமென்று பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பால் அடிக்கச் சொல்வார்கள். மறுநாள் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை நகர்த்தினால் மூன்று சிலிண்டரில் ஓடும். ஓர் ஆண்டு எனக்கும் அப்படித்தான் நடந்தது. காயிலைத் தூக்கி, குழியில் இருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, காற்றடித்து உலர்த்தியதோடு சரியாகிவிட்டது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

இடம் மாற்றிப் பார்த்தல்

கண்ணால் பார்த்து எதுவும் பிடிபடவில்லை என்றால், இந்த வேலையிலேயே மிக நம்பகமான சோதனை இதுதான். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை. ஸ்கேனர் பி0302 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது காயிலை மூன்றாவது சிலிண்டரிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் பொருத்துங்கள். கனெக்டர்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். பேட்டரியை இணைத்து, கோட்டை அழித்துவிட்டு, வண்டியை முதலில் தடுமாறிய அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள். தெருமுனை வரை போய்த் திரும்புவது இந்தச் சோதனைக்குப் போதாது. எஞ்சின் சூடாகி, ஏசி ஓடி, ஏதேனும் ஓர் ஏற்றத்தில் உயர் கியரில் இழுக்க வேண்டும். நந்தி மலைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஏற்றமே போதும். விளக்கு மின்னத் தொடங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து படிக்கும்போது கோடு பி0303 ஆக மாறியிருந்தால், குற்றம் காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது; காயில்தான் கெட்டது. பி0302 ஆகவே நின்றால் காயில் நல்லது. அடுத்து இரண்டாவது பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றி, இதே ஓட்டத்தை மறுபடி செய்யுங்கள். குற்றம் பிளக்கோடு நகர்ந்தால் பிளக். அப்போதும் இரண்டாவது சிலிண்டரிலேயே நின்றால், வயர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரெஷன் ஆகிய மூன்றில் ஒன்று. காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றிவிடாதீர்கள். விடை கிடைக்கும், ஆனால் எந்தக் கேள்விக்கு என்று தெரியாது.

மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். இரண்டு பின் மட்டும் உள்ள காயிலில் தடித்த சுற்றின் தடையை அளந்து மற்ற காயில்களோடு ஒப்பிடலாம். வழக்கமாக அது இரண்டு ஓமுக்குள் இருக்கும். மூன்று, நான்கு பின் உள்ளவற்றுக்குள் மின்னணுச் சுவிட்சும் இருப்பதால் அந்த அளவு எதையும் சொல்லாது. சூடான பிறகு மட்டும் தகராறு செய்யும் காயில், ஆறிய நிலையில் மேசை மேல் அளக்கும்போது நல்ல பிள்ளையாக எண்ணைக் காட்டும். மீட்டரை நான் பயன்படுத்துவது ஒரே வேலைக்குத்தான்: சாவியை ஆன் செய்து, கழற்றிய கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதற்கு.

பிளக்கைக் கழற்றிப் படித்தல்

பிளக்கைத் திருகுவதற்கு முன் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றிவிட வேண்டும். நம் ஊர்ச் சாலைப் புழுதி அங்கே படிந்துதான் இருக்கும். பிளக் வெளியே வந்ததும் அந்தப் புழுதி நேராகச் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பும் போதும். சாக்கெட்டை நேராக இறக்கி, நிதானமாக இடப்பக்கம் திருகுங்கள். கால் சுற்று விட்டதும் மீண்டும் இறுகினால் வலிந்து திருகாமல், மரையை இளக்கும் தைலம் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்க வேண்டும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு வெள்ளைத் தாளில் வையுங்கள். முனை இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிதல் ஒழுங்காக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது, அல்லது வண்டி அலுவலகத்துக்கும் வீட்டுக்குமான மூன்று கிலோமீட்டரைத் தவிர வேறெங்கும் போகாமல் சூடேறாமலேயே வாழ்கிறது. ஈரமான ஆயில் கரி இருந்தால் வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. காற்று அதிகமான கலவையோ தவறான பிளக்கோ காரணமாக இருக்கலாம். நான்கில் மூன்று ஒரே நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் வேறு நிறமானால் அந்தச் சிலிண்டரைத் துருவுங்கள். நான்கும் ஒரே தவறான நிறமானால் கோளாறு அனைத்துக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கிறது.

வெள்ளைப் பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் ஒன்று அடிக்கடி காணப்படும். ‘பிளக் லீக் ஆகிறது’ என்று அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உயர் மின்னழுத்தம் தன்னைச் சுற்றியுள்ள ஆயில் துகள்களை ஈர்த்து ஒட்டவைத்த கறை அது. அதனால் கெடுதல் இல்லை. பீங்கானில் நெடுக்காக ஓடும் கருங்கோடு மட்டுமே கவலைப்பட வேண்டியது. அது இருந்தால் பிளக்கும் பூட்டும் இரண்டுமே தூக்கி எறிய வேண்டியவை.

புதிய பிளக்கைத் தேர்ந்தெடுத்தல்

வண்டியின் கையேட்டில் அச்சிட்டுள்ள எண்ணையே வாங்குங்கள். அந்த எண்ணுக்குள் மரையின் அளவு, நீளம், வெப்ப வகை எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு: என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது. பாஷ் பிளக்கில் எண் கூடக்கூடச் சூடான வகை. ‘இரண்டுமே ஆறாம் நம்பர்தானே’ என்று கம்பெனி மாற்றி வாங்குவது தவறாகிப்போகும். நிக்கல் பிளக்குகளைப் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சம் வரை தாங்கக்கூடியவை. சி.என்.ஜி.யில் இந்த ஆயுள் குறையும்.

பெங்களூரில் உதிரிபாகம் என்றால் ஜே.சி. ரோடுதான். அங்கே எல்லாமே கிடைக்கும், போலியும் கிடைக்கும். பிளக்கில் அச்செழுத்து மங்கலாக இருந்தாலோ, வாஷர் கையால் திருகினாலே கழன்று வந்தாலோ, நடு முனையும் பக்க முனையும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலோ வாங்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவது உத்தமம். பழைய பிளக்கையும் காயிலையும் கையோடு எடுத்துச் சென்று கவுண்டரில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, இரண்டாம் முறை அந்த நெரிசலில் பார்க்கிங் தேடுவதைத் தவிர்க்கும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். டர்போ எஞ்சின்களில் இதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. நிக்கல் பிளக்கில் பக்க முனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியத்தின் நடு முனை ஊசி போல் மெல்லியது. அதன் மேல் கேஜை அழுத்தினால் முறியும். அளவு தவறாக இருந்தால் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பிளக் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் பொருத்தக் கூடாது. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

பொருத்துதல்

ஹோஸ் துண்டின் ஒரு முனையைப் பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, ஹோஸை விரல்களால் சுழற்றி முதல் மரைகளைப் பிடிக்க வையுங்கள். மரை கோணலாக ஏறத் தொடங்கினால் ஹோஸ் கையிலேயே வழுக்கிவிடும், ஹெட் பிழைத்துக்கொள்ளும். ராட்செட்டோ அந்தக் கருணையைக் காட்டாது. கையால் அடிவரை இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். கையேட்டில் அளவு இல்லையென்றால், அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30, 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் என்பது பொது வழக்கு. டார்க் ரெஞ்ச் கிடைக்காத நிலையில், வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் இறுக்கி முடித்த இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை திருகலாம். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று போதும்.

மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் ஆண்டி-சீஸோ தடவ வேண்டாம். முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. தடவினால் வழுவழுப்பில் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். அதே சமயம் காயில் பூட்டின் உள் வாயில், பீங்கானைத் தொடும் விளிம்பில், மின்சாரத்தைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸைப் பட்டாணி அளவு எடுத்து மெல்லிய படலமாகத் தடவுவது நல்லது. ஈரம் புகாது, அடுத்த முறை கழற்றும்போது பூட்டும் கிழியாது. காயிலை நேராக அழுத்தும்போது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளக்கின் தலையில் அமர்வதைக் கை உணரும். போல்ட்டை மிதமாக இறுக்குங்கள். அது நுழையும் இடம் பல வண்டிகளில் பிளாஸ்டிக் கவர்தான். கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டும் வரை தள்ளி, சறுக்குப் பூட்டையும் மறக்காமல் முன்னால் கொண்டுவாருங்கள்.

முடித்த பிறகு

பேட்டரியை இணைத்து, கோடுகளை அழித்து, எதையும் அழுத்தாமல் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிடுங்கள். பேட்டரி கழற்றப்பட்டதால் ஈ.சி.யு. ஐடிலை மறுபடி கற்றுக்கொள்ளும் வரை ஆர்.பி.எம். சற்று ஏறி இறங்கலாம். அதன் பிறகு முன்பு தடுமாறிய அதே பாரத்தில் ஓட்டி, பெண்டிங் கோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய காயிலும் புதிய பிளக்கும் போட்டும் அதே சிலிண்டர் மிஸ் அடித்தால் இக்னிஷனைத் தேடுவதை அங்கே நிறுத்திவிடலாம். நீண்ட ஸ்குரு டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியில் காதை வைத்தால், மற்றவற்றில் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை இதிலும் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகக் குறைந்து, அதற்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். ரிங், வால்வ் இரண்டுமே வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. ஆனால் கேரேஜுக்குப் போகும்போது, “இரண்டாவது சிலிண்டர், காயிலும் பிளக்கும் புதுசு, இன்ஜெக்டர் சத்தம் இருக்கு, கம்ப்ரெஷன் மட்டும் பாருங்க” என்று சொல்லி வண்டியை விடலாம்.

மூன்றாவது காயிலை மட்டும் மாற்றிய என் வண்டியில், மற்ற மூன்று பழைய காயில்கள் நான்கு புதிய பிளக்குகளோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாற்றிய தேதி, ஓடோமீட்டர் எண், பிளக்கின் எண் மூன்றையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.